ஒரே பூச்சு

அத்தியாயம் பதினேழு

வெள்ளிக்கிழமை காலை சயாமுக்கு, காட்டில் தண்டவாளம் போட ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் போகிறது; அதில் போனவர்கள் திரும்புவதில்லை. அதில் ஏற வேண்டியவர்கள் பட்டியலில் கிளாரன்ஸின் பெயர் இருக்கிறது. போன வாரம் நாம் விட்டுவந்த இடம் அதுதான். இன்று புதன். இடையில் ஏதாவது நல்லது நடந்திருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த 1943 ஏப்ரலில் கோலாலம்பூரில் தானாக நடந்த நல்லது எதுவும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வீட்டுக்குள் நாலு பேர். இருதயம், கார் பாலிஷ்காரன், முப்பத்தெட்டு வயது. அவன் மனைவி ஜோசஃபின். ஜோசஃபினின் ஒரே தம்பி கிளாரன்ஸ், ரயில் யார்டில் வேலை. தாய் தகப்பன் போனபிறகு அக்கா கையில் வளர்ந்தவன். பின்னறையில் இருதயத்தின் அக்கா டொரத்தி. கல்யாணம் ஆகாதவள். காப்பாரில் ஒரு தோட்டத்து மானேஜர் வீட்டில் பதினைந்து வருஷம் ஆயாவாக இருந்தவள், இப்போது பெரிபெரி வந்து கால் இரண்டும் வீங்கிப் படுத்துக் கிடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜோசஃபினுக்கும் டொரத்திக்கும் ஏழாம் பொருத்தம் என்பது பழைய வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவர்கள் நாலு பேரையும் ஒரு கறுப்புக் கார் பிடித்து வைத்திருந்தது.

அது அந்தக் காப்பார் மானேஜரின் கார். சண்டைக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை இருதயத்தின் கைக்கு வரும். மானேஜர் கப்பலேறிவிட்டார். கார் பதினாலு மாசம் மேரு கிராமத்தில் ஒரு மரத்தடியில் கேட்பாரற்று நின்றது. இப்போது ஒரு ஜப்பான் மேஜருக்கு அது பிடித்துப்போயிற்று. நாளை சக்கரவர்த்தியின் பிறந்தநாள், பாடாங் மைதானத்தில் அணிவகுப்பு. போன வாரம் இருதயம் இடுப்பு ஒடியக் குனிந்து மச்சானுக்காகக் கேட்டபோது மேஜர் காரைக் காட்டினார். "அதில் என் முகம் தெரிந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுகிறேன்" என்றார்.

தெரியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. இருதயமும் கேட்கவில்லை.

அவன் பட்டறைக்குள் நுழையும்போது மணி பத்து. தோக்கியோ மணி. வெயிலுக்கு அந்த உத்தரவு போய்ச் சேராததால் அது இன்னும் எட்டரை மணி வெயிலாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. காரைக் கொட்டகை நிழலில் விட்டிருந்தார்கள்.

கறுப்பு என்பது பேருக்குத்தான். வண்டி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. விரலால் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. கூரையில் காக்கை எச்சம் காய்ந்து பெயின்டைத் தின்றிருந்தது. பானட்டில் மரப்பால் சொட்டுச் சொட்டாக மஞ்சளாய் இறுகிக் கிடந்தது.

"என்ன தம்பி, ஆகுமா?" என்றார் அய்யூப் நானா.

அய்யூப் நானாவை இதற்கு முன் பார்த்திருக்கிறோம். பட்டறையில் சாமான் அறைச் சாவி அவரிடம். முன்பு துணிக்கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடை ஜப்பானியப் போட்டோக்காரனிடம் நாலு வார்த்தை பழகியது இப்போது அவருக்குச் சோறு போடுகிறது. மேஜருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நிற்கிற வாய் அவருடையது.

"மூணு நாள் இருந்தா ஆகும் நானா. ஒரு நாள் அழுக்கு எடுக்க. ஒரு நாள் பாலிஷ். ஒரு நாள் மெழுகு. அப்படித்தான் நான் செஞ்சு பழக்கம்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு வர்றாரு லா. மூணு நாளைக்கு எங்க போறது?"

"அப்ப மூணையும் ஒரே பூச்சுல முடிக்கணும்."

சொல்லும்போதே அவனுக்குக் கூசியது. சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரக் கம்பெனிகள் மூன்றையும் ஒன்றாகக் கலந்து டப்பாவில் விற்கத் தொடங்கியபோது அதற்குச் 'சோம்பேறி டப்பா' என்று பேர் வைத்தவனே இவன்தான். சோம்பேறி டப்பா வாங்கி வரும் டிரைவர்களைப் பட்டறையில் நிற்கவைத்துக் கேலி செய்திருக்கிறான். அந்தக் கேலியெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

சாமான் அறையில் தேடியதில் மூன்று தேறின. ராணுவம் கொடுத்த பழுப்புப் புட்டி ஒன்று. ஒரு தகரம் தேங்காய் எண்ணெய். அப்புறம், அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு பழைய சோம்பேறி டப்பா. முக்கால்வாசி இருந்தது. காய்ந்து வெடித்துக் கிடந்தது.

இருதயம் எதையும் நேராகப் பானட்டில் வைக்கிறவன் இல்லை. கதவைத் திறந்து, கீழே யார் கண்ணிலும் படாத ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு மூன்று இடம் பார்த்துக்கொண்டான்.

முதலில் பழுப்புப் புட்டி. மூக்கில் சுரீரென்று ஏறியது. நாலு தேய்ப்பில் பெயின்ட் கண்ணாடியாகிவிட்டது. அய்யூப் நானா, "அல்ஹம்துலில்லாஹ், இதுவே போதும்லா!" என்று கையைத் தட்டினார். இருதயம் துணியைப் புரட்டிக் காட்டினான். துணி கன்னங்கரேலென்று இருந்தது.

"அழுக்கு இல்ல நானா. பெயின்ட். பெல்ட்டு பக்கிள் தேய்க்கிற மருந்து இது, உள்ள மண்ணு இருக்கு. இப்பப் பளபளக்கும். வெயில்ல கொண்டுபோய் நிறுத்துங்க, தோலைக் கீறுன மாதிரி வளைவு வளைவாத் தெரியும். ஏற்கனவே இந்த வண்டிக்கு மேல்தோல் மெல்லிசு. பதினஞ்சு வருசமா நானே தேய்ச்சிருக்கேன்."

"எண்ணெய்?"

"ஒரு மணி நேரம் மினுங்கும். அப்புறம் பாடாங்ல இருக்கிற தூசியெல்லாம் விருந்துக்கு வந்து ஒக்காந்துக்கும்."

கடைசியில் சோம்பேறி டப்பா. சுரண்டியெடுத்து, பெயின்ட் கரைக்கப் பட்டறையில் வைத்திருந்த டர்பன்டைன் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தான். தேய்த்தான். சாம்பல் நிறம் மெல்ல விலகிக் கீழேயிருந்து பழைய கறுப்பு எட்டிப்பார்த்தது. கீறல் இல்லை. துணியில் வெறும் அழுக்கு. மனசுக்குள் அந்த டப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

ஆனால் மினுப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் நனைந்து காய்ந்த பலகை மாதிரி மங்கியது. டப்பா காய்ந்ததில் அதற்குள் இருந்த மெழுகு செத்துப்போயிருந்தது. அழுக்கெடுக்கும் சக்தி இருக்கிறது, மேலே மூடும் சக்தி இல்லை. மூடாமல் விட்டால் நாளைக் காலைக்குள் கார் மறுபடி சாம்பல் பூத்துவிடும்.

"மெழுகு வேணும். தேன்மெழுகு."

"எங்க தம்பி கிடைக்கும்? பாசார்ல மண்ணெண்ணெய்க்கே வழியில்ல. உங்க கோயில்ல கேட்டுப் பாருங்களேன். நீங்கதான மெழுகுதிரி கொளுத்துறவங்க?"

"கிறிஸ்மஸோட முடிஞ்சு போச்சு. பீடத்துலயே தேங்கா எண்ணெ வெளக்குதான் எரியுது."

சொல்லிவிட்டு இருதயம் பேச்சை நிறுத்திக்கொண்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதிலும் தேன்மெழுகு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அது அவன் அக்காவின் தலையணைக்குக் கீழே இருந்தது.

கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிப்ரவரி இரண்டாம் தேதி கோயிலில் மெழுகுதிரி மந்திரித்துத் தருவார்கள். அதில் ஒன்றை எரிக்காமல் எடுத்து வைப்பது வழக்கம். வீட்டில் யாருக்காவது மூச்சு இழுக்கிற நேரம் வந்தால் அதைக் கொளுத்தி அவர்கள் கையில் கொடுத்து, சுற்றி நின்று செபம் சொல்வார்கள். கையில் வெளிச்சத்தோடு போகவேண்டும். வெறுங்கையோடு போனவர்களைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

டொரத்தியின் திரி சண்டைக்கு முந்தின வருஷத்தது. இரண்டு விரல் கனம், ஒன்றரைச் சாண் நீளம். நீல ரிப்பன் சுற்றி வைத்திருந்தாள். வாழ்நாளில் தனக்கென்று அவள் எடுத்துவைத்த பொருள் அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

மதியம் இருதயம் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தான். டயருக்குப் பதில் தோட்டக் குழாயை வெட்டிக் கட்டியிருந்த சைக்கிள். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் கேட்டது.

ஜோசஃபின் சமையற்கட்டில் மரவள்ளிக்கிழங்கை இடித்துக்கொண்டிருந்தாள். அவன் நேரங்கெட்ட நேரத்தில் வந்ததைப் பார்த்ததும் உலக்கை நின்றது.

"என்னாச்சு? முடியாதுன்னுட்டானா?"

"இல்ல. கார் ஆகும். மெழுகு மட்டும் கெடைக்கல."

"அதுக்கு இங்க எதுக்கு..." என்று தொடங்கியவள் பின்னறைப் பக்கம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"அக்கா எப்படி இருக்கு?"

"காலையில இருந்து கண்ணத் தொறக்கல. மூச்சு மேல மேல வாங்குது." ஜோசஃபின் குரலை இறக்கினாள். "இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க. இப்பப் போயி..."

"பாதி போதும் ஜோசஃபின். பாதிய வெட்டி எடுத்துக்கிட்டு மிச்சத்த வச்சிடறேன்."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்னைய எதுவும் கேக்காதீங்க. எடுங்கன்னு சொன்னா, தம்பிக்காக நாத்தனா கையில இருந்த திரியப் பிடுங்கினவன்னு இந்த லைன் முழுக்க என்னைத்தான் பேசும். எடுக்காதீங்கன்னு சொல்ல..." உலக்கையை எடுத்தாள். "சொல்ல எனக்கு வாய் வரல."

முதுகைத் திருப்பிக்கொண்டு இடிக்கத் தொடங்கினாள். தேவைக்கு மேல் பலமாக இடித்தாள்.

பின்னறையில் டொரத்தி கண்மூடிக் கிடந்தாள். முகமும் ஊதியிருந்தது. எப்போதும் சுள்ளென்று ஏதாவது சொல்கிற வாய் லேசாகத் திறந்திருந்தது. இருதயம் பக்கத்தில் குந்தினான். எழுப்பிக் கேட்கலாம். கேட்டால் என்னவென்று கேட்பது? 'உன் சாவுக்கு வச்சிருக்கிறதை ஒரு ஜப்பான்காரன் காருக்குக் கொடு' என்றா? அதுவும் யாருக்காக? 'என் தம்பி வீட்டுல ஒக்காந்து திங்கிறான்' என்று எத்தனையோ நாள் அவள் குத்திக்காட்டிய அதே கிளாரன்ஸுக்காக.

அவனால் கேட்க முடியவில்லை. தலையணைக்குக் கீழே கையை விட்டான். திரி அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. ரிப்பனோடு உருவியெடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். வெட்டுவதற்குக் கத்தி எடுக்கச் சமையற்கட்டுக்குப் போக வேண்டும். ஜோசஃபின் முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டறையிலேயே வெட்டிக்கொள்ளலாம், மிச்சத்தைச் சாயங்காலம் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று கொல்லைப் பக்கமாக வெளியேறினான்.

நியாயமான யோசனைதான். திருடுகிறவன் எவனும் நியாயமாகத்தான் யோசிக்கிறான்.

பட்டறையில் திரியைச் சரிபாதியாக வெட்டினான். திரிநுனி இருந்த மேல்பாதியை ரிப்பன் சுற்றிப் பைக்குள் வைத்தான். கீழ்ப்பாதியைச் சீவி ஒரு குவளையில் போட்டு, குவளையைக் கொதிநீரில் வைத்து உருக்கினான். டர்பன்டைனுக்குப் பக்கத்தில் நெருப்பைக் காட்டக்கூடாது. உருகியதும் தேன் வாசனை எழுந்தது. அய்யூப் நானா ஒன்றும் கேட்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பால் போனார்.

டப்பாப் பசையை அதில் கொஞ்சங்கொஞ்சமாகக் குழைத்தான். ஆறியதும் வெண்ணெய்ப் பதத்துக்கு வந்தது. நகத்தில் தடவிப் பார்த்தான். கதவோரத்தில் நாலாவதாக ஓர் இடம் பார்த்துத் தேய்த்தான். அழுக்கும் வந்தது, கறுப்பும் வந்தது, மேலே மெழுகும் உட்கார்ந்தது. தண்ணீர் தெளித்தான். முத்து முத்தாக உருண்டு ஓடியது.

இருதயத்துக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது. வேலை தெரிந்தவனுக்கு வரும் அசட்டுச் சந்தோஷம். அதை நாம் மன்னிக்கலாம். ஆனால் அதுதான் அவனைக் கெடுக்கப்போகிறது.

கூரை, பானட், இடது பக்கக் கதவுகள், மட்கார்டுகள். மெல்லிசாக ஒரே பூச்சு, சாம்பல் படர்ந்ததும் ஃபிளானல் துணியால் ஒரே துடைப்பு. நாலு மணிக்கு வலது பக்கம் வந்தபோது குவளை காலி. வலது கதவுகள் இரண்டும் பின்பக்கமும் மீதி. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சாம்பல். பாதி சவரம் செய்த முகம் மாதிரி நின்றது கார்.

"தம்பி, இன்னும் ஒரு மணி நேரந்தான்" என்றார் அய்யூப் நானா.

இருதயம் பையிலிருந்து மேல்பாதியை எடுத்தான். ரிப்பனை அவிழ்த்தான். முதல் தடவை எடுத்தபோது பாதிதானே என்று சொல்லிக்கொண்டான். இப்போது சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வெட்டினான். நடுவில் ஓடிய நூலை மட்டும், மெல்லிய மெழுகுத் தோலோடு, உருவித் தன் சட்டைப்பையில் வைத்தான்.

வலது பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்னக் கீறல் உண்டு. பல வருஷத்துக்கு முன் டொரத்தி மானேஜர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவள் செபமாலைச் சிலுவை பட்டு விழுந்தது. "தொரைக்குத் தெரியாம அழிச்சிடுடா இருதயம்" என்று அன்று அழாத குறையாகக் கெஞ்சினாள். கார் வரும் சனிக்கிழமைகளில் எல்லாம் அவன் அதை மெழுகால் மூடுவான். இன்றைக்கும் மூடினான். அவளுடைய மெழுகாலேயே. அந்த இடத்தில் அவன் அழுதுவிட்டான். யாரும் பார்க்கவில்லை.

ஐந்துக்கு மேஜர் வந்தார். காரை வெயிலுக்குத் தள்ளச் சொன்னார். சுற்றி நடந்தார். வெள்ளைக் கையுறையால் மட்கார்டைத் தடவிக் கையுறையைப் பார்த்தார். பின்கதவில் குனிந்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. தொப்பியில் இருந்த நட்சத்திரம் வரைக்கும் தெரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அய்யூப் நானாவிடம் ஏதோ கேட்டார்.

"எத்தனை நாளைக்கு இந்த மினுப்பு நிக்கும்னு கேக்குறாரு."

நாலு நாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாலிஷ்காரனிடம் அவன் வேலை எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால் குறைத்துச் சொல்ல அவன் நாக்குக்குத் தெரியாது. இருபது வருஷத் தொழில் பேசியது.

"வெயில்லயும் மழையிலயும் ஒரு மாசம் நிக்கும் துவான்" என்று மேஜருக்குப் புரியும்படி மலாயில் நேராகவே சொல்லிவிட்டான். "அதுக்கப்புறம் நான் தொட்டாப் போதும், மறுபடி ஒரு மாசம்."

அய்யூப் நானா கண்ணை மூடிக்கொண்டார்.

மேஜர் பைக்குள்ளிருந்து பட்டியலை எடுத்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். கிளாரன்ஸின் பெயரை அடித்தார். ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதி முத்திரை குத்தி இருதயத்திடம் நீட்டினார். நீளமாகப் பேசினார்.

"என்ன நானா சொல்றாரு?"

அய்யூப் நானா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை அவரு சயாமுக்கு மாத்தலாகிப் போறாரு. காரும் ரயில்ல ஏறுது. அங்க வெயில் கடுமையாம். காரோட நீங்களும் வரணுமாம். அடிச்ச பேருக்குப் பதிலா." நிமிர்ந்து இருதயத்தைப் பார்த்தார். "கொஞ்ச நாள்தான் நிக்கும்னு சொல்லியிருக்கப்படாதா தம்பி? நானாவது மாத்திச் சொல்லியிருப்பேனே. நீங்களே மலாயில சொல்லிட்டீங்களே."

இருதயம் குனிந்து வணங்கினான். வேறென்ன செய்வது? துண்டுத்தாளை மடித்துச் சட்டைப்பையில், அந்த நூலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் கிளாரன்ஸ் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். ஸ்டேஷன் பலகையில் பெயரை அடித்துவிட்டார்களாம். "அத்தான், அத்தான்" என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. உயிர் திரும்பி வந்த முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் இருதயத்துக்கு, செய்தது சரிதான் என்று ஒரு நிமிஷம் பட்டது.

ஜோசஃபின் பின்னாலேயே வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா கண்ணத் தொறந்துட்டாங்க. நெனவு நல்லா இருக்கு. ஆனா மூச்சு இழுக்குது." அவன் கையைப் பிடித்தாள். "திரி கேக்குறாங்க. மிச்சம் பாதி கொண்டாந்தீங்கள்ல? கொண்டாந்தீங்கள்ல?"

அவன் உள்ளே போனான்.

டொரத்தியின் கை பாயில் எதையோ தேடுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. இருதயம் முழங்காலிட்டான். மூன்று பேரும் முழங்காலிட்டார்கள்.

"கார் எப்படிடா இருக்கு?" என்றாள் டொரத்தி. குரல் காற்றாக வந்தது.

அவன் விதிர்த்துப்போனான். "முகம் தெரியுதுக்கா."

"அந்தக் கதவு?"

"மூடிட்டேன்க்கா. கீறலே தெரியல."

அவள் உதடு சிரிப்பதுபோலக் கோணியது. பிறகு அவனையே பார்த்தாள். "நான் முழிச்சுத்தான்டா இருந்தேன்."

சமையற்கட்டுச் சுவரில் சாய்ந்திருந்த உலக்கை சரிந்து விழுந்தது. யாரும் திரும்பவில்லை.

"நீ வாயத் தொறந்து கேப்பேன்னு கண்ண மூடிக்கிட்டே காத்திருந்தேன். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. கிளாரன்ஸும் நம்ம வீட்டுப் புள்ளதானே." மூச்சுக்காக நிறுத்தினாள். "கேக்காம எடுத்திட்டியே இருதயம்."

இருதயம் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தான். ஜோசஃபின் அடுப்பிலிருந்து கொள்ளியைக் கொண்டுவந்தாள். நூலை ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கவைத்துக் கொளுத்தி, கிண்ணத்தை டொரத்தியின் வீங்கிய விரல்களுக்குள் வைத்து, மேலே தன் கையால் மூடினாள். இருபது வருஷத்தில் நாத்தனாரின் கையை அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க, சீக்கிரம்" என்றாள். மாதாவுக்குரிய பிரியதத்த மந்திரத்தைத் தொடங்கினாள். அந்தச் சின்னச் சுடரில் அறை முழுக்கத் தேன் வாசனை அடித்தது. டொரத்தி சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கூடவே அசைந்தது. ஒரு மந்திரம். ஒன்றுதான். மந்திரத்தின் கடைசியில் மரண நேரம் என்ற வார்த்தை வருவதற்குள் நூல் எரிந்து கிண்ணத்தில் சாய்ந்தது. ஜோசஃபின் நிறுத்தாமல் அடுத்ததைச் சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், தன் கைக்குக் கீழே இருந்த விரல்கள் அசையவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கிளாரன்ஸ் மட்டும் மந்திரம் சொல்லவில்லை.

இருதயம் நூலை எடுத்தபோது கூடவே கீழே விழுந்த துண்டுத்தாள் கிளாரன்ஸின் கையில் இருந்தது. யார்டில் தினமும் சரக்கு வாகன்களின் சீட்டுகளைப் பார்த்துப் பழகியவன். அந்தச் சிவப்பு முத்திரை என்னவென்று அவனுக்குத் தெரியும். கீழே மலாயிலும் ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தரம் படித்தான். கார் ஒன்று, பாலிஷ்காரன் ஒருவன், வெள்ளி காலை ஏழு மணி. பெயர் எழுதவில்லை.

ஜோசஃபின் டொரத்தியின் கண்களை மூடுவதையும், அத்தான் தரையிலிருந்து எழாமல் கிடப்பதையும் அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.